பங்குக் கிணறும் எண்ணெய்க் கம்பனிகளின் பங்கும்

சங்கானைப் பக்கத்தில் தோட்டம் செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டிருந்தார்: "சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவெண்ணெய் வந்தபோது உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எங்கள் கிணறு வருடத்துக்கு வருடம் உவர்த்துக்கொண்டு போகிறது. கடல் ஏறுவதற்கும் மழை தப்புவதற்கும் எண்ணெய், நிலக்கரிக் கம்பனிகள்தான் காரணம் என்றால் அவர்கள் மீது நாங்கள் ஏன் வழக்குப் போட முடியாது? போட்டால் எங்கே போடுவது?"

தம்பி, போடலாம். ஆனால் மல்லாகத்திலோ யாழ்ப்பாணத்திலோ போட்டு எதையும் பெற முடியாது. அந்தக் கம்பனி எந்த நாட்டில் குடியிருக்கிறதோ அங்கே போய்த்தான் போட வேண்டும். இன்றைய நிலையில் வெல்வது கடினம். பத்து வருடங்களுக்கு முன்னர் யாராவது இதைக் கேட்டிருந்தால் "வீண் வேலை" என்று அனுப்பியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் சுன்னாகம். எண்ணெய்ப் பிரச்சினை உச்சத்தில் இருந்த நாட்களில் உறவினர் வீட்டுக் கிணற்றில் நானே வாளி விட்டு அள்ளிப் பார்த்தேன். கப்பி கிறீச்சிட வாளி மேலே வந்தது. பார்த்த மாத்திரத்தில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாளியை வெயில் படும்படி சாய்த்தபோதுதான் மேற்பரப்பில் ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் நெளிந்தது. விரலால் விலக்கினால் விலகி, மறுபடி வந்து மூடிக்கொண்டது. குழந்தைக்குப் பால்மா கரைத்த தண்ணீர் அது. அந்த வழக்கின் பலம் முழுவதும் அந்தப் படலத்தில்தான் இருந்தது: கண்ணால் காணலாம், போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், எண்ணெய் கையாளும் இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் விரல் வைக்கலாம். அப்படி இருந்தும் நிபுணர்களுக்கிடையே ஒரே கருத்து இருக்கவில்லை. 2015 இல் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு 2019 ஏப்ரல் 4 ஆம் திகதிதான் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி தனியார் மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கண்காணிக்கத் தவறிய அரச நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை.

உங்கள் வழக்கில் அந்தப் படலம் இல்லை. டெக்சாஸிலோ நைஜீரியாவிலோ தோண்டிய எண்ணெய் எங்கெங்கோ எரிந்து, அதன் காபனீரொட்சைட்டு உலகத்தின் மற்றெல்லாப் புகையோடும் கலந்துவிட்டது. எந்த மூலக்கூறு யாருடையது என்று எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. கம்பனிகளின் சட்டத்தரணிகள் முப்பது வருடங்களாகப் பிடித்துத் தொங்கிய கொம்பு இதுதான்: எல்லாரும் சேர்ந்து செய்ததை எங்கள் ஒருவர் தலையில் எப்படிக் கட்டுவீர்கள்? அலாஸ்காவில் கிவலினா என்றொரு கடலோரக் கிராமம். ஏறத்தாழ நானூறு பேர். கரையைக் காத்து நின்ற பனிக்கட்டி கரைந்து அலை ஊருக்குள் வர, எக்ஸான்மொபில் உள்ளிட்ட கம்பனிகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2009 இல் தள்ளுபடி. 2012 இல் மேன்முறையீட்டிலும் தோல்வி.

இந்த இடத்தில் எங்களுடைய காணி உறுதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு அம்மா தாய்வழி வந்த ஆறு பரப்புக் காணியின் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, நொத்தாரிசின் கையெழுத்து மங்கிய கடதாசி. எல்லைகளை எழுதி முடித்த பிறகு அதில் வருவது கிணறு: அயற்காணியில் உள்ள கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு, அதற்குரிய வழி, வாய்க்கால். அந்தப் பதினாறில் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பது அந்தக் குறிச்சிக்கே தெரியும். கிணறு தூர் வாரினால், கட்டு இடிந்தால், செலவில் பதினாறில் ஒன்று அந்த அம்மாவுடையது. "கிணற்றில் எந்தத் துளி என்னுடையது என்று காட்டு, அப்போதுதான் பணம் தருவேன்" என்று யாழ்ப்பாணத்தில் எந்தப் பங்காளியும் கேட்டதில்லை. கலந்து கிடப்பதைப் பங்கால் அளக்க எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலநிலை வழக்குகள் திரும்பியது இதே பங்குக் கணக்கு வந்த பிறகுதான். ரிச்சர்ட் ஹீட் என்ற ஆய்வாளர் பழைய உற்பத்திப் பதிவேடுகளையும் ஆண்டறிக்கைகளையும் தேடித் தொகுத்து, எந்தக் கம்பனி எவ்வளவு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சீமெந்து உற்பத்தி செய்தது என்று கணக்கிட்டார். அவர் வெளியிட்ட முடிவு: 1751 முதல் 2010 வரை தொழிற்துறையால் வெளியான காபனீரொட்சைட்டு, மீதேன் வாயுக்களில் 63 சதவீதம் வெறும் 90 உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது. "எல்லாரும்தான்" என்ற வாதம் இங்கே ஆட்டம் கண்டது. வண்டில் ஓட்டியவரும் மண்ணெண்ணெய் விளக்குக் கொளுத்தியவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனவர் பெரு நாட்டு விவசாயி ஒருவர், சவுல் லூசியானோ லியுயா. அந்தீஸ் மலையடியில் ஹுவாராஸ் நகரில் அவருடைய வீடு. மேலே பல்காகோச்சா ஏரி, பனியாறு உருகி உருகிப் பெருத்து நிற்கிறது. 1941 இல் அந்த ஏரி உடைத்து ஆயிரக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். அவர் 2015 இல் ஜேர்மனியின் மின்சாரக் கம்பனியான ஆர்.டபிள்யூ.ஈ. மீது எசன் நகரில் வழக்குப் போட்டார். கேட்டது எவ்வளவு தெரியுமா? உலகத் தொழிற்துறைக் காபன் வெளியீட்டில் அந்தக் கம்பனியின் பங்கு 0.47 சதவீதம், ஆகவே ஏரிக்குப் பாதுகாப்பு அமைக்கும் செலவில் 0.47 சதவீதம், ஏறத்தாழ 17,000 யூரோ. அவ்வளவுதான். கிணறு தூர் வாரும் கணக்கேதான்.

எசன் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேன்முறையீடு போன இடம் ஹம். எங்கள் வாசகர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் புதிதல்ல. புலம்பெயர்ந்த எம்மவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் அதே ஹம் நகரம். கோயில் இருக்கும் பகுதியிலேயே ஆர்.டபிள்யூ.ஈ.யின் பெரிய நிலக்கரி மின்நிலையமும் இருந்தது. தேருக்குப் போனவர்கள் அதன் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த நகரத்து உயர் பிராந்திய நீதிமன்றம் 2017 இல் வழக்கை ஏற்றுச் சாட்சியம் கேட்கத் தீர்மானித்தது. 2022 இல் நீதிபதிகளே பெருவுக்குப் போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 ஆம் திகதி தீர்ப்பு.

அவர் தோற்றார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவருடைய வீட்டுக்கு வெள்ளம் வரும் சாத்தியம் அடுத்த 30 வருடங்களில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் என்றும், அது போதாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, பெரிய அளவில் காபன் வெளியிட்ட கம்பனி தன் பங்குக்கேற்பப் பொறுப்பேற்க வேண்டி வரலாம் என்பதைக் கொள்கையளவில் ஏற்றது. உலகின் மறுகோடியில் இருக்கிறார் என்ற காரணம் செல்லாது. இன்னும் ஆயிரம் பேர் புகை விட்டார்கள் என்ற காரணமும் செல்லாது. பத்து வருடம் நடந்த ஒரு மலைநாட்டு விவசாயி எங்களுக்குப் பாதையை வெட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு உரிய பாடம், ஆபத்து "வரலாம்" என்றால் போதாது, உங்கள் வளவுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது. உவர்க் கிணறு அந்த வகையில் ஏரியைவிட வலுவான சாட்சி. ஆனால் அங்கேதான் எதிர்த்தரப்பின் கேள்விகளும் தொடங்கும்.

எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் கிடக்கிறது. கடல்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது இயற்பியல். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது இதனால்தான். அதே விதியைத் திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஆனால் துலா மிதித்து இறைத்த காலம் போய் இயந்திரம் வைத்து இறைக்கத் தொடங்கிய பிறகு நாங்களே இறக்கிய மட்டம் எவ்வளவு? தூர்ந்துபோன குளங்கள் எத்தனை? மாரி மழை நிலத்துக்குள் போகாமல் சீமெந்து முற்றங்களின் வழியே கடலுக்கு ஓடுவது எவ்வளவு? கம்பனியின் சட்டத்தரணி இவை எல்லாவற்றையும் கேட்பார். கேட்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. உங்கள் கிணறு உவர்த்ததில் கடலின் பங்கு எவ்வளவு, இறைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும்.

பிரித்துச் சொல்லும் விஞ்ஞானம் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடும் வெப்ப அலைகளைக் குறிப்பிட்ட எண்ணெய்க் கம்பனிகளின் வெளியீட்டோடு இணைத்துக் கணக்கிடும் ஆய்வுகள் 2025 இல் நேச்சர் ஆய்விதழில் வந்தன. வெப்பத்தில் இது தெளிவாக வருகிறது. புயல் மழையில் ஓரளவுக்கு. நிலத்தடி உவரில்தான் மிகச் சிக்கல். ஆகவே எம்மிடையே முதலில் வழக்குக்குத் தகுதி பெறக்கூடியது உவர்க் கிணறு அல்ல, புயல் வெள்ளம் என்பது என் கணிப்பு. உதாரணம் கண் முன்னே இருக்கிறது. 2021 டிசம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஒடெட் சூறாவளியில் உறவுகளையும் வீடுகளையும் இழந்தவர்கள் 2025 இல் ஷெல் கம்பனிக்கு எதிராக லண்டனில் இறங்கியிருக்கிறார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் எங்கள் தீவைப் புரட்டிப் போட்டு நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனதை நினைத்தால், அந்த வழக்கின் ஒவ்வொரு திகதியையும் நாங்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கும் கவனத்துக்குரியது. இந்தோனேசியாவின் பாரி என்ற சின்னத் தீவைச் சேர்ந்த நான்கு பேர் ஹோல்சிம் சீமெந்துக் கம்பனி மீது 2023 இல் சுவிற்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். அதன் பங்கு 0.42 சதவீதம் என்பது அவர்களின் கணக்கு. 2025 டிசம்பரில் அந்த நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. ஹோல்சிம் என்ற பெயர் போட்ட சீமெந்துப் பைகள் 2016 வரை எங்கள் கடைகளிலும் அடுக்கிக் கிடந்தவைதான். ஊர்காவற்றுறையில் இருப்பவர் பாரித் தீவின் படங்களைப் பார்த்தால் தன் ஊர் என்றே நினைப்பார்.

இனி, எந்தச் சட்டம்? இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொதுவிதி, தீங்கு எங்கே நேர்ந்ததோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்பது. சுற்றாடல் சேதமானால், தீங்கை விளைத்த செயல் நடந்த நாட்டின் சட்டத்தையும் வழக்காளி தெரிந்தெடுக்கலாம். பெரு விவசாயி ஜேர்மன் சட்டத்தைத் தெரிந்தெடுத்தார். பிலிப்பைன்ஸ்காரர் தங்கள் நாட்டுச் சட்டத்தை லண்டனுக்குக் கொண்டுபோகிறார்கள். யாழ்ப்பாணத்தவர் போனால் கொண்டுபோவது உரோமன் டச்சுச் சட்டம். 1658 இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707 இல் எழுத்தில் வடித்தார்கள். தங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தையும் இங்கே விட்டுப்போனார்கள். கவனமின்றி நடந்து பிறருக்கு நட்டம் விளைத்தவன் ஈடுசெய்ய வேண்டும் என்ற அந்தத் தீங்கியல் சட்டம் ஒல்லாந்திலேயே 19ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டுவிட்டது. இலங்கையில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அதே ஒல்லாந்தில், ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2021 மே 26 இல் ஷெல் 2030க்குள் தன் வெளியீட்டை 2019 அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2024 நவம்பர் 12 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 45 என்ற எண்ணை நீக்கிவிட்டது. ஆனால் ஆபத்தான காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் கவனக் கடமை அந்தக் கம்பனிக்கு உண்டு என்பதை அதுவும் உறுதிப்படுத்தியது. கடமை இருக்கிறது, அளவு இல்லை என்ற அந்த நிலை எனக்கு ஏமாற்றம்தான். பத்திரிகைகள் "ஷெல் வென்றது" என்று மட்டும் எழுதியது அதைவிடப் பெரிய ஏமாற்றம்.

கவனமின்மையை நிரூபிக்க அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். அது கடினமில்லை. எக்ஸான் கம்பனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977 இலேயே மேலதிகாரிகளுக்கு இதை விளக்கியிருக்கிறார். அந்தக் கம்பனியின் உள்ளகக் கணிப்புகள் பிற்காலத்தில் உண்மையில் ஏற்பட்ட வெப்ப உயர்வோடு வியக்கத்தக்க அளவு பொருந்தியதை 2023 இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. உள்ளே தெரிந்துகொண்டே வெளியே சந்தேகத்தை விதைத்தார்கள். புகையிலை விளைந்த மண்ணில் இருக்கும் எங்களுக்கு சிகரெட் கம்பனிகளின் கதை தெரியும்: அவர்களும் இதைத்தான் செய்தார்கள், 1998 இல் அமெரிக்காவின் 46 மாநிலங்களுக்கு 200 பில்லியன் டொலருக்கு மேல் கொடுக்க இணங்கினார்கள். ஹொனலூலு நகரம் எண்ணெய்க் கம்பனிகள் மீது தொடுத்த வழக்கு அந்த வழியில்தான் போகிறது: நீங்கள் புகை விட்டீர்கள் என்பதைவிட, தெரிந்துகொண்டே ஏமாற்றினீர்கள் என்பது குற்றச்சாட்டு. அதைத் தடுக்கும்படி கம்பனிகள் கேட்டதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஏற்கவில்லை.

இலங்கையிலேயே போட்டால் என்ன என்று நீங்கள் திரும்பக் கேட்பீர்கள். சாதாரண நட்டஈட்டு வழக்குக்கு எங்கள் சட்டத்தில் இரண்டு வருடக் காலவரம்பு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான், அதுவும் அரசின் செயலோ கண்காணிப்புத் தவறோ அதில் இருந்தால் மட்டுமே; சுன்னாகத்தில் அது இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிக்கு எதிராக இங்கே தீர்ப்பு வாங்கினாலும் பணம் வருமா? எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 இல் எரிந்து எங்கள் கடல் முழுவதும் பிளாஸ்ரிக் மணி கொட்டியது. 2025 ஜூலை 24 இல் உயர் நீதிமன்றம் 1 பில்லியன் டொலர் கட்டச் சொன்னது. கப்பல் கம்பனி கட்ட மறுத்துவிட்டது. சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆனால் எங்கள் அரசை நோக்கி இங்கேயே ஒரு வழி திறந்திருக்கிறது. கம்பனிக்குத் தோண்ட அனுமதி கொடுப்பது அரசு. வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்னின்று எடுத்த முயற்சியால், சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 இல் ஏகமனதாக ஆலோசனைக் கருத்து வழங்கியது: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற சுவட்டு எரிபொருளை உற்பத்தி செய்வது, தேட உரிமம் கொடுப்பது, மானியம் வழங்குவது ஆகியவையும் ஒரு அரசின் சர்வதேசத் தவறாக அமையலாம், தனியார் கம்பனிகளைக் கட்டுப்படுத்தத் தவறுவதும் அப்படியே. (1997 இல் அதே நீதிமன்றத்தில் தன்யூப் நதி அணை வழக்கில் எங்கள் நாட்டு நீதிபதி வீரமந்திரி, இலங்கையின் பழைய குளங்களை எடுத்துக்காட்டி எழுதிய தனிக்கருத்தை நான் இன்னும் அடிக்கடி எடுத்துப் படிப்பேன்.) மன்னார்க் கடலில் 2011 இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த முறை அங்கே உரிமம் கொடுக்கும் பேச்சு வரும்போது, அந்த ஒரு மாதக் காலவரம்புக்குள் மனுவோடு தயாராக இருப்பவர்கள் வடக்கிலிருந்தே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

செலவைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். வெளிநாட்டு வழக்குகளை எந்தத் தனி விவசாயியும் தன் பணத்தில் நடத்துவதில்லை. பெரு விவசாயிக்கும் ஜேர்மன் சுற்றாடல் அமைப்புகள்தான் துணை நின்றன. அந்த அமைப்புகள் தேடுவது நல்ல பதிவுகளுள்ள வழக்காளியை. அதைத்தான் இப்போது நீங்கள் செய்யலாம். கிணற்றுக் கட்டின் உட்பக்கத்தில் ஒரு அடையாளம் வெட்டுங்கள். அங்கிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு ஆழம் என்று மாதம் ஒரு தடவை, இறைப்பதற்கு முன் காலையில், நூல் விட்டு அளந்து கொப்பியில் எழுதுங்கள். மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கருவி ஒன்றை நாலைந்து பங்காளிகள் சேர்ந்து வாங்கி, உவரின் அளவையும் பக்கத்தில் குறியுங்கள். எத்தனை மணி நேரம் இறைத்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். ஆடி அமாவாசைக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு ஒருமுறை ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் கொடுத்து அறிக்கையை வாங்கி வையுங்கள். உறுதியில் கிணற்றுப் பங்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள், முதலில் அதைத் திருத்திக்கொள்வோம்.